'உலகத்துல எங்கேயாவது உங்க பேர்ல வீடு இருக்கா?' - இங்கிலாந்தில் வீடு வாங்கப்போன தமிழ்த் தம்பதியைத் திணறவைத்த கேள்வி!

இங்கிலாந்தில் ஒரு வீட்டு வாசலில் 'சோல்டு' என்று பலகை நட்டிருந்தால், அந்த வீடு விற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. விலை பேசி முடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பலகையின் ஓரத்தில் பல நேரம் 'எஸ்.டி.சி' என்று மூன்று எழுத்துகள் இருக்கும். 'சப்ஜெக்ட் டு கான்ட்ராக்ட்' என்பதன் சுருக்கம். ஒப்பந்தம் முடியும்வரை இந்தப் பேச்சு யாரையும் கட்டுப்படுத்தாது என்று பொருள்.

லெஸ்டர் நகரில் வாடகை வீட்டில் இருந்த ஒரு தமிழ்த் தம்பதி, இந்த மூன்று எழுத்துகளின் பொருளைக் கிட்டத்தட்ட ஆயிரம் பவுண்டு செலவழித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். கணவருக்கு ஐ.டி வேலை, சொந்த ஊர் தாம்பரம். மனைவி திருச்சிக்காரர், அங்குள்ள அரசு மருத்துவமனையில் நர்ஸ். வீட்டைப் பார்த்து, விலை பேசி, எஸ்டேட் ஏஜென்ட் கைகுலுக்கி வாழ்த்துச் சொன்ன அன்றைக்கே ஊருக்கு வீடியோ கால் போட்டுவிட்டார்கள். பிறகு சர்வேயருக்குப் பணம், சொலிசிட்டருக்கு முன்பணம் என்று ஒவ்வொன்றாகப் போனது. ஏழாவது வாரம் ஏஜென்ட்டிடமிருந்து போன். வேறு ஒருவர் 8,000 பவுண்டு கூடுதலாகத் தருகிறாராம். வீட்டுக்காரர் அவருக்கே கொடுக்கப்போகிறாராம்.

"அதெப்படிங்க? சரின்னு வாக்கு கொடுத்தாரே!" என்றார் மனைவி.

வாக்கு கொடுத்தார்தான். ஆனால், 1989-ல் வந்த ஒரு சட்டத்தின்படி, இங்கிலாந்தில் வீடு, நிலம் விற்கும் ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். பேசிய எல்லா நிபந்தனைகளும் அதில் இருக்க வேண்டும். இருதரப்பும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அது ஒப்பந்தமே அல்ல. நம் ஊரில் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்து, ஒரு வாரத்தில் விற்பனை அக்ரிமென்ட் போட்டுவிடுவோமே, அந்த இடைக்கட்டம் அங்கே கிடையாது. விலை பேசிய நாளுக்கும் ஒப்பந்த நாளுக்கும் நடுவே மாதக்கணக்கில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் விற்பவர் கூடுதல் விலைக்காக வேறு ஆளிடம் போனால் அதற்கு 'கஸம்பிங்' என்று பெயர். வாங்குபவர் கடைசி நேரத்தில் 'பத்தாயிரம் குறைச்சுக்கோங்க' என்றால் அது 'கஸண்டரிங்'. இரண்டுக்கும் தனித்தனியாகப் பெயர் வைக்கும் அளவுக்கு நடக்கிறது. பெயர் வைத்தவர்கள் நிறுத்துவதற்கு வழிசெய்திருக்கலாம்.

இது இங்கிலாந்து, வேல்ஸ் கதை. ஸ்காட்லாந்தில் சட்டமே வேறு.

வீடு கைநழுவிய வருத்தத்தில் இருவரும் ஒரு ஃப்ளாட் பார்க்கப் போனார்கள். விலை ஆச்சர்யப்படும் அளவுக்குக் குறைவு. காரணம் விளம்பரத்தின் அடியில் இருந்தது. லீஸ்ஹோல்டு, மீதம் 82 வருடம்.

இங்கிலாந்தில் வீட்டை இரண்டு விதமாக வாங்கலாம். ஃப்ரீஹோல்டு என்றால் கட்டடமும் அதன் கீழே உள்ள மண்ணும் உங்களுடையவை. லீஸ்ஹோல்டு என்றால் குறிப்பிட்ட வருடங்களுக்கு அனுபவிக்கும் உரிமை மட்டும்தான். ஃப்ளாட்டுகள் பெரும்பாலும் லீஸ்ஹோல்டு. அடுக்குமாடியில் ஃப்ளாட் வாங்கினால் யு.டி.எஸ் என்று அடிமனையில் ஒரு பங்கும் சேர்ந்து வரும் என்று பழகிய நமக்கு, இது உடனே மண்டையில் ஏறாது. முழு விலை கொடுத்துவிட்டு, வருடங்கள் கரைவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

82 என்ற எண்ணில் ஒரு கண்ணி இருந்தது. லீஸை நீட்டித்துக்கொள்ள வாங்கியவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. ஆனால், மீதம் 80 வருடத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், நீட்டிப்பதால் ஃப்ளாட்டின் மதிப்பு எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதியையும் நிலத்துக்காரருக்குக் கொடுக்க வேண்டும் என்பது நெடுநாள் விதி. அதாவது, இரண்டு வருடம் அசந்திருந்தால் செலவு எங்கேயோ போய்விடும். இந்த விதியை நீக்கவும், 990 வருடம்வரை நீட்டிக்கவும் 2024 மே மாதம் ஒரு சட்டம் நிறைவேறியது. ஆனால், அதன் எல்லாப் பிரிவுகளும் ஒரே நாளில் அமலுக்கு வரவில்லை. நீட்டிப்பு கேட்பதற்கு முன் இரண்டு வருடம் உரிமையாளராக இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் 2025 ஜனவரி 31 அன்று போனது. ஆகவே, லீஸ்ஹோல்டு வாங்குபவர்கள் எந்தப் பிரிவு இன்று அமலில் இருக்கிறது என்று சொலிசிட்டரிடம் கேட்காமல் கணக்குப் போடக் கூடாது.

லீஸ்ஹோல்டில் நிலவாடகை என்று ஒன்றும் உண்டு. 2022 ஜூன் 30-க்குப் பிறகு எழுதப்படும் பெரும்பாலான புதிய லீஸ்களில் அதை ஒரு மிளகுக்கு மேல் வசூலிக்க முடியாது. கேலி இல்லை, ஆங்கிலேயச் சட்டத்தில் 'பெப்பர்கார்ன்' என்பது பெயரளவு வாடகையைக் குறிக்கும் பழைய சொல். நம் மேற்குக்கரையிலிருந்து கப்பல் ஏறிய மிளகு ஒரு காலத்தில் அங்கே எவ்வளவு விலை விற்றது என்று தெரிந்தவர்களுக்கு, அது இலவசத்துக்கு மறுபெயர் ஆனது வேடிக்கையாக இருக்கும். பழைய லீஸ்களுக்கு இந்தச் சலுகை இல்லை. பராமரிப்புக் கட்டணமோ தனி. அது நியாயமாக இருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது, இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இல்லை.

ஃப்ளாட் வேண்டாம் என்று முடிவானது. அடுத்து ஒரு ஃப்ரீஹோல்டு வீடு, 3,20,000 பவுண்டு. விற்பவர் வயதான பெண்மணி, மகள் வீட்டுக்குக் குடிபோகிறார். எல்லாம் பொருந்தி வந்தது. சொலிசிட்டர் ஒரு படிவம் அனுப்பினார். அதில்தான் அந்தக் கேள்வி இருந்தது. 'உங்கள் இருவரில் யாராவது, உலகத்தில் எங்கேயாவது, எப்போதாவது வீட்டுக்கு உரிமையாளராக இருந்ததுண்டா?'

கணவர் 'இல்லை' என்று டிக் அடிக்கப் போனார். மனைவிதான் கையைப் பிடித்தார். "ஏங்க, தாம்பரம் ஃப்ளாட் யார் பேர்ல இருக்கு?"

"அது அப்பா வீடும்மா!"

"அப்பா வீடுதான். பத்திரம் யார் பேர்ல?"

பத்திரம் மகன் பெயரில். அப்பா ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் வாங்கியது. 'நாளைக்கு எப்படியும் உனக்குத்தானே' என்று மகன் பெயரிலேயே பதிவு செய்துவிட்டார். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான். அப்பா, அம்மா அங்கேயே குடியிருக்கிறார்கள், சொத்துவரி கட்டுவதும் அப்பாதான். மகனுக்கு அப்படி ஒரு சொத்து தனக்கு இருப்பதே நினைவில் இல்லை.

இதில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று பாருங்கள். இங்கிலாந்தில் வீடு வாங்குபவர் கட்டும் முத்திரை வரி, 2025 ஏப்ரல் முதல் இப்படி: முதல் 1,25,000 பவுண்டுக்கு வரி இல்லை, அதிலிருந்து 2,50,000 வரை 2 சதவிகிதம், அதற்குமேல் 9,25,000 வரை 5 சதவிகிதம். முதன்முதலாக வீடு வாங்குபவருக்குச் சலுகை உண்டு. வீட்டின் விலை 5,00,000 பவுண்டைத் தாண்டாதவரை, முதல் 3,00,000-க்கு வரியே கிடையாது. ஆக, இந்தத் தம்பதி மனதில் போட்டுவைத்திருந்த கணக்கு, 20,000 பவுண்டுக்கு 5 சதவிகிதம். வெறும் 1,000 பவுண்டு.

ஆனால், 'முதன்முதலாக' என்பதற்கு அந்த நாட்டுச் சட்டம் உலகம் முழுவதையும் கணக்கில் எடுக்கிறது. வாங்கியதாக இருந்தாலும், பரம்பரையாக வந்ததாக இருந்தாலும், ஒரு பங்காக இருந்தாலும் வீடு வீடுதான். சேர்ந்து வாங்கும் இருவரில் ஒருவருக்கு இருந்தாலே இருவருக்கும் சலுகை போய்விடும். சாதாரண வரி 6,000 பவுண்டு. அதோடு முடியவில்லை. ஏற்கெனவே ஒரு வீடு கைவசம் இருக்கும்போது இன்னொன்று வாங்கினால், மொத்த விலைக்கும் 5 சதவிகிதம் கூடுதல் வரி. 2024 அக்டோபர் 31 முதல் இந்த விகிதம். தாம்பரம் ஃப்ளாட்டின் மதிப்பு 40,000 பவுண்டுக்கு மேல் போவதால் இதுவும் பொருந்தும். இன்னொரு 16,000 பவுண்டு. மொத்தம் 22,000.

1,000 எங்கே, 22,000 எங்கே! ரூபாயில் வித்தியாசம் 21 லட்சத்துக்கு மேல்.

'மனைவி பெயரில் மட்டும் வாங்கினால்?' என்று யாருக்கும் தோன்றும். அவர்களுக்கும் தோன்றியது. கூடுதல் வரிக்கு, சேர்ந்து வாழும் கணவன் மனைவியை ஒரே ஆளாகத்தான் பார்ப்பார்கள் என்று சொலிசிட்டர் ஒரே வரியில் பதில் அனுப்பிவிட்டார். 'அது பேருக்குத்தான் என் பேர்' என்ற விளக்கமும் எடுபடவில்லை. பெயர் இருக்கிறது, பத்திரம் இருக்கிறது, அதை மறுக்கிற காகிதம் எங்கே என்று கேட்டார்கள்.

படிவத்தில் 'இல்லை' என்று போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால் என்ன என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னாராம். இது மாதிரி நண்பர்கள் எல்லா ஊரிலும் உண்டு. வரித்துறைக்குப் பொய்க்கணக்குக் கொடுத்தால் வரியும் கட்டவேண்டும், வட்டியும் கட்டவேண்டும், அபராதமும் கட்டவேண்டும்.

அன்று இரவு கணவர் தாம்பரத்துக்கு போன் செய்தார். அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. "ஏம்ப்பா, நம்ம வீட்டுக்கு லண்டன்காரன் எதுக்கு வரி போடுறான்?" என்றார். புரிந்ததும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அப்போ எழுதிக் கொடுத்துடு. நான் வாங்குனது, என்கிட்டயே வரட்டும்" என்றார். அம்மாவுக்குத்தான் மனம் கேட்கவில்லை. 'பையன் பேர்ல இருந்த வீட்டைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க' என்று சொந்தக்காரர்கள் பேசுவார்களே என்ற கவலை. அந்தக் கவலைக்கு எந்த நாட்டுச் சட்டத்திலும் பதில் இல்லை.

பர்மிங்ஹாமில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் பவர் பத்திரத்துக்குச் சான்று வாங்கி அனுப்பி, குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட் பத்திரம் மூலம் ஃப்ளாட் அப்பா பெயருக்குப் போனது. இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. இங்கிலாந்தில் வசிப்பவர் அப்பாவுக்குச் சும்மா கொடுத்தாலும், சந்தை விலைக்கு விற்றதாகக் கருதி அங்கே மூலதன ஆதாய வரி வரலாம். இவர்கள் விஷயத்தில் ஃப்ளாட் விலை அதிகம் ஏறவில்லை, ரூபாய் மதிப்போ இறங்கியிருந்தது. பவுண்டு கணக்கில் ஆதாயமே இல்லை என்பதால் தப்பித்தார்கள். எல்லோருக்கும் அப்படி அமையாது. முதலில் வரி ஆலோசகர், அப்புறம்தான் பத்திரம். கடைசியில் அவர்கள் கட்டியது 6,000 பவுண்டு. முதல்வீட்டுச் சலுகை மட்டும் போனது போனதுதான். ஒருமுறை உரிமையாளராக இருந்துவிட்டால் அது திரும்ப வராது.

அப்பா இன்னொரு காகிதத்திலும் கையெழுத்துப் போடவேண்டியிருந்தது. வீட்டுக்கு அவர் கொஞ்சம் பணம் அனுப்புவதாக இருந்தது. ஓர் இந்தியர் ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடிய வரம்பு 2,50,000 டாலர், அதற்குள்தான் இது. ஆனாலும், கறுப்புப் பணத் தடுப்பு விதிகளின்படி அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று சொலிசிட்டர் கேட்டே ஆகவேண்டும். வங்கிக்கோ, 'இது அன்பளிப்பு, திருப்பிக் கேட்கமாட்டேன், வீட்டில் எனக்கு எந்த உரிமையும் வேண்டாம்' என்று கடிதம் வேண்டும். பெற்ற மகனுக்குக் கொடுக்க இத்தனை சாட்சியா என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

நடுவில் ஆய்வுகள். வங்கி அனுப்பும் ஆள் வீட்டின் மதிப்பைத்தான் பார்ப்பார், கூரை ஒழுகுகிறதா என்று உங்களுக்காகப் பார்ப்பது அவர் வேலை அல்ல. அதற்குத் தனியாக சர்வே எடுக்க வேண்டும். வீட்டின் குறைகளைக் கண்டுபிடிப்பது வாங்குபவர் பொறுப்பு என்பது அங்கே பழைய கொள்கை. ஆனால், கேட்ட கேள்விக்கு விற்பவர் பொய் சொல்லக் கூடாது. லண்டன் நாட்டிங் ஹில் பகுதியில் 2019-ல் 3.25 கோடி பவுண்டுக்கு ஒரு மாளிகை கைமாறியது. குடிபோன பிறகு பார்த்தால், சுவருக்குள் வைத்திருந்த கம்பளி அடுக்கிலிருந்து அந்துப்பூச்சிகள் கிளம்பிக்கொண்டே இருந்தன. துணிமணி, ஒயின் கோப்பை எதையும் விடவில்லை. பூச்சித் தொல்லை பற்றி வாங்குமுன் கேட்டபோது விற்பவர் தந்த பதில்கள் பொய் என்று 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, விற்பனையையே ரத்து செய்ய உத்தரவிட்டது. ஆகவே கேட்கவேண்டும், எழுத்தில் கேட்கவேண்டும்.

சர்ச் ரிப்பேர் என்றும் ஒரு விநோதம் உண்டு. வாரிக்‌ஷயரில் ஆஸ்டன் கான்ட்லோ என்ற ஊரில் பண்ணை வைத்திருந்த தம்பதியிடம், நூற்றாண்டுகள் பழைய கடமை ஒன்றைக் காட்டி தேவாலயத்தைப் பழுதுபார்க்கப் பணம் கேட்டார்கள். வழக்கு பிரபுக்கள் சபைவரை போய், 2003-ல் தம்பதி தோற்றார்கள். பழுதுபார்க்கும் தொகையே 1,86,000 பவுண்டைத் தாண்டியது. இந்தக் கடமை இன்று பதிவேட்டில் இல்லையென்றால் புதிதாக விலைகொடுத்து வாங்குபவரைப் பொதுவாகக் கட்டாது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், 'எக்ஸ்சேஞ்ச்' முடிந்தது. இரண்டு சொலிசிட்டர்கள் போனில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சோடு ஒப்பந்தம் கட்டுப்படுத்த ஆரம்பித்துவிட்டது. கணவர் ஆபீஸில் மீட்டிங்கில் இருந்தார், மனைவி வார்டில் இருந்தார். சார்பதிவாளர் அலுவலகத்தில் கைரேகை வைத்து, போட்டோ எடுத்து, இரண்டு சாட்சிகளோடு நின்றால்தான் நமக்கெல்லாம் வீடு வாங்கிய மாதிரி இருக்கும். இங்கே அதெல்லாம் இல்லை. ஆனால், விளைவு சாதாரணமல்ல. வழக்கமாக 10 சதவிகிதம், அதாவது 32,000 பவுண்டு கட்டியாகிவிட்டது. இதற்குமேல் பின்வாங்கினால் அது போய்விடும். சாவி இன்னும் கைக்கு வரவில்லை என்றாலும், வழக்கமான ஒப்பந்த நிபந்தனைகளின்படி இன்றிலிருந்தே வீடு எரிந்தாலும் இடிந்தாலும் நஷ்டம் வாங்குபவருக்கு. அதனால், அன்றைக்கே இன்ஷூரன்ஸ் தொடங்கியிருக்க வேண்டும். பலர் குடிபோகும் நாளில் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள்.

கையெழுத்துப் போடும்போது இன்னொரு பெட்டியில் டிக் அடிக்கவேண்டும். இருவரும் 'ஜாயின்ட் டெனன்ட்ஸ்' என்றால், ஒருவர் இறந்தால் வீடு தானாகவே மற்றவருக்கு. உயில்கூட அதை மாற்றாது. 'டெனன்ட்ஸ் இன் காமன்' என்றால் அவரவர் பங்கை அவரவர் யாருக்கும் எழுதிவைக்கலாம். உயில் எழுதாமல் போனால், அந்த மண்ணில் உள்ள வீட்டுக்கு அந்த மண்ணின் வாரிசுச் சட்டம்தான். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மகன் சொத்தில் அம்மாவுக்கும் மனைவி, பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கு உண்டு. இங்கிலாந்தில் மனைவியும் பிள்ளையும் இருந்தால் அம்மாவுக்கு எதுவும் இல்லை. இதை வாசித்துவிட்டு அந்தத் தம்பதி உயில் எழுத நேரம் குறித்தார்கள். வீட்டுக்கடன் வாங்கும் பலர் இந்தப் பக்கத்தைப் படிப்பதே இல்லை. திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கு இன்னும் சிக்கல். எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தாலும் 'மனைவி மாதிரி' என்று ஒரு அந்தஸ்து அங்கே சட்டத்தில் கிடையாது.

குடிபோன அடுத்த கோடையில் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்பா முதலில் கேட்டது, "பத்திரம் எங்கே வெச்சிருக்கீங்க?"

பத்திரம் என்று பீரோவில் வைக்க எதுவும் இல்லை. அரசின் நிலப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால், அந்தப் பதிவுதான் உரிமை. நம் ஊரில் பதிவு செய்வது பத்திரத்தை, அதன் பின்னால் மூலப்பத்திரம், வில்லங்கம் என்று தேடிப்போக வேண்டும். அங்கே உரிமையையே பதிவுசெய்து, தவறு நேர்ந்தால் இழப்பீடும் தருகிறது அரசு. 7 பவுண்டு கட்டினால் யார் வேண்டுமானாலும் யாருடைய பதிவையும் பார்க்கலாம். இந்த வசதியில் ஓட்டையும் உண்டு. 2021-ல் லூட்டன் நகரில் ஒரு பாதிரியார் வெளியூரிலிருந்து திரும்பியபோது, அவர் பெயரைத் திருடி யாரோ அவர் வீட்டையே விற்றிருந்தார்கள். நம் பதிவில் யாராவது கைவைத்தால் மெயில் அனுப்பும் 'ப்ராப்பர்ட்டி அலர்ட்' சேவை இலவசம். மகன் அப்பாவை உட்காரவைத்து அதில் பதிவுசெய்தார். அப்பாவுக்கு அப்போதுதான் கொஞ்சம் திருப்தி.

மறுநாள் தோட்டம். இடதுபக்க வேலி நம்முடையது என்று பக்கத்துத் தெருத் தமிழர் சொல்லியிருந்தார். இங்கிலாந்து முழுக்க எல்லோரும் நம்பும் விஷயம் இது, அப்படி ஒரு சட்டமே இல்லை. பதிவேட்டு வரைபடத்தின் சிவப்புக் கோடுகூட எல்லையைப் பொதுவாகக் காட்டுமே தவிர, அங்குலக் கணக்கில் அல்ல. பழைய ஆவணத்தில் 'டி' குறி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அண்டைவீட்டாரோடு பேசிக்கொள்ள வேண்டியதுதான். பொதுச் சுவரில் கைவைப்பதற்கு இரண்டு மாதம் முன்பே எழுத்தில் நோட்டீஸ் தரவேண்டும், அது 1996-ஆம் வருடத்துச் சட்டம்.

பக்கத்து வீட்டு ஆப்பிள் மரத்தின் கிளை ஒன்று இவர்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அம்மா இரண்டு பழத்தைப் பறித்துவிட்டார்.

"அத்தே, நம்ம பக்கம் நீட்டுற கிளையை நாம வெட்டலாம். ஆனா வெட்டின கிளையும் பழமும் அவங்களோடது" என்றார் மருமகள்.

அம்மா பழங்களை முந்தானையில் துடைத்து எடுத்துக்கொண்டு, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பாட்டியைப் பார்த்துக் கையை நீட்டினார். அந்தப் பாட்டி சிரித்துவிட்டு, உள்ளே போய் ஒரு கூடையோடு வந்தார்.